கறுப்பு மணலும் அடைப்புக்குறிக்குள் ஓர் இலக்கமும்: உலோகச் சேர்வைகளின் பெயரை வாசிப்பது எப்படி?

திருகோணமலைக்கு வடக்கே உள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணல் செய்தியில் அடிபடும் போதெல்லாம் நான்கு பெயர்கள் கூட்டாக வரும்: இல்மனைட், ரூட்டைல், டைட்டேனியம், டைட்டேனியம் டயொக்சைட். ஒன்று வரவேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டு எழுதுவது சர்வசாதாரணம். தலைப்பில் டைட்டேனியம் ஏற்றுமதி என்று இருக்கும்; உள்ளே வாசித்தால் கப்பலில் ஏறியது இல்மனைட். ஐரோப்பாவில் டைட்டேனியத்தைத் தடைசெய்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். முறிந்த எலும்புக்கு டைட்டேனியத் தகடு வைத்துக்கொண்ட இன்னொருவர் அதைக் கேட்டுப் பயந்துபோவார்.

உண்மையில் இந்த நான்கில் இரண்டு ஏறக்குறைய ஒன்றுதான். மற்ற இரண்டும் முற்றிலும் வேறு. எது எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: சேர்வைகளுக்குப் பெயர் வைக்கும் முறை, அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் ஒட்சியேற்ற எண். உயர்தர இரசாயனவியலில் பலரும் மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற பகுதி இது.

ஒரு சின்னக் குறிப்பு. பாடநூலில் இந்த இலக்கத்தை அடைப்புக்குறிக்குள் ரோமன் இலக்கத்தில் எழுதுவார்கள். வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று இங்கே சாதாரண இலக்கத்தில் தருகிறேன்.

## ஒரு பிடி மணலில் என்ன இருக்கிறது

திருகோணமலை நகரிலிருந்து குச்சவெளி தாண்டி வடக்கே போகப்போகக் கடற்கரையில் கறுப்புக் கோடுகள் தெரியத் தொடங்கும். வாடைக்காற்றுக் காலத்து அலை கரையில் அடித்துத் திரும்பும்போது இலேசான மணலை இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானது தங்கிவிடுகிறது. ஒரு கையில் வெள்ளை மணலையும் மறுகையில் கறுப்பு மணலையும் அள்ளினால் வித்தியாசம் உடனே தெரியும். வெள்ளை மணலான குவாட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தியானது. இல்மனைட் 4.7 மடங்கு. மத்தியான வெயிலில் அந்தக் கறுப்பு மணலில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்கு அது இன்னொரு விதத்திலும் ஞாபகம் இருக்கும்.

அந்தப் பாரமான மணலின் பெரும்பங்கு இல்மனைட். அடுத்து ரூட்டைல், சேர்கோன், மிகக் கொஞ்சமாக மொனசைட். முதல் மூன்றின் சேர்மானம் இப்படி:

1. இல்மனைட்: ஒரு இரும்பு, ஒரு டைட்டேனியம், மூன்று ஒட்சிசன்.
2. ரூட்டைல்: ஒரு டைட்டேனியம், இரண்டு ஒட்சிசன்.
3. சேர்கோன்: ஒரு சேர்கோனியம், ஒரு சிலிக்கன், நான்கு ஒட்சிசன்.

டைட்டேனியம் என்ற மூலகத்தை உலகம் முதலில் அறிந்ததே இப்படியொரு கறுப்பு மணலில்தான். 1791 இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற மதகுரு, காந்தத்தில் ஒட்டிய ஆற்று மணலைச் சோதித்து, அதில் தெரியாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். 1795 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் கிளாப்ரொத் ரூட்டைலில் அதே உலோகத்தைக் கண்டு டைட்டேனியம் என்று பெயர் வைத்தார்.

இல்மனைட் என்ற பெயர் ரஷ்யாவின் இல்மன் மலைகளிலிருந்து வந்தது. கனியங்களின் பெயர்கள் பொதுவாக இப்படித்தான்: கிடைத்த இடம், நிறம், கண்டுபிடித்தவர். பெயரை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவே முடியாது. இரசாயனப் பெயரின் வேலை வேறு. பெயரைக் கேட்டவுடன் பொருளைக் காகிதத்தில் எழுதிக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். அதற்கு ஓர் எண் தேவைப்படுகிறது.

## ஒட்சியேற்ற எண் ஒரு கணக்கு

இரண்டு அணுக்கள் பிணையும்போது இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக இருப்பது அபூர்வம். ஒட்சிசன் போன்ற மூலகம் தன் பக்கம் அதிகம் இழுக்கும். ஒட்சியேற்ற எண் கணக்கிடும்போது நாம் ஒரு துணிச்சலான காரியம் செய்கிறோம்: கொஞ்சம் அதிகமாக இழுப்பவருக்கே முழுப் பங்கையும் எழுதிவிடுகிறோம். அப்படி எழுதிய பிறகு ஓர் அணுவின் பேரில் எத்தனை இலத்திரன் குறைகிறது, எத்தனை கூடுகிறது என்பதே அதன் ஒட்சியேற்ற எண். குறைந்தால் நேர், கூடினால் மறை.

நடைமுறையில் ஆறு விதிகள் போதும்:

1. தனி மூலகமாக இருக்கும்போது எண் பூச்சியம். இரும்புக் கம்பியில் இரும்பு 0, எலும்புத் தகட்டில் டைட்டேனியம் 0.
2. ஓரணு அயனில், அதாவது இலத்திரனை இழந்தோ ஏற்றோ மின்னேற்றம் பெற்ற தனி அணுவில், எண் அதன் ஏற்றத்துக்குச் சமன். நிலாவெளி உப்பளத்து உப்பில் சோடியம் +1, குளோரைட்டு −1.
3. புளோரீன் சேர்வைகளில் எப்போதும் −1.
4. ஒட்சிசன் வழமையாக −2. ஐதரசன் பரொட்சைட்டு போன்ற பரொட்சைட்டுகளில் மட்டும் −1. புளோரீனோடு சேர்ந்தால் அதுவும் மாறும்.
5. ஐதரசன் வழமையாக +1. சோடியம் ஐதரைட்டு போன்ற உலோக ஐதரைட்டுகளில் −1.
6. எல்லாவற்றையும் கூட்டினால் நடுநிலைச் சேர்வையில் பூச்சியமும், அயனில் அதன் ஏற்றமும் வரவேண்டும்.

ரூட்டைலில் போட்டுப் பாருங்கள். இரண்டு ஒட்சிசன் −4. கூட்டுத்தொகை பூச்சியமாக வேண்டுமென்றால் டைட்டேனியம் +4. காயம் கழுவுகிற கொண்டிஸ், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று: பொற்றாசியம் +1, நான்கு ஒட்சிசன் −8, ஆகவே மங்கனீசு +7. அந்த ஊதாத் தண்ணீர் பட்ட விரல் கொஞ்ச நேரத்தில் மண்ணிறமாகிறதே, அங்கே படிந்திருப்பது மங்கனீசு(4) ஒட்சைட்டு. ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியிருக்கிறது. இறங்கிய ஒவ்வொரு படிக்கும் ஓர் இலத்திரனைத் தோலிலிருந்தோ அழுக்கிலிருந்தோ பிடுங்கியிருக்கிறது. எண் ஏறினால் ஒட்சியேற்றம், இறங்கினால் தாழ்த்தல் என்று பாடநூலில் வருவது இதுதான்.

இனி இல்மனைட். மூன்று ஒட்சிசன் −6. ஆகவே இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து +6 தரவேண்டும். யார் எவ்வளவு? இரும்பு 2, டைட்டேனியம் 4 என்றாலும் சரிவரும். இரண்டும் மும்மூன்று என்றாலும் சரிவரும். ஆறு விதிகளையும் திருப்பித் திருப்பிப் போட்டாலும் விடை வராது. பளிங்கை நேரடியாக அளந்து பார்த்துத்தான் இது 2, 4 என்று முடிவுகட்டினார்கள். ஆகவே இதன் இரசாயனப் பெயர் இரும்பு(2) டைட்டேனியம்(4) ஒட்சைட்டு. விதிகளை மட்டும் பாடமாக்கினால் இந்த இடத்தில் முட்டி நிற்க வேண்டிவரும், அதனால்தான் இதை உதாரணமாக எடுத்தேன்.

+4 என்றவுடன் ரூட்டைலுக்குள் நான்கு இலத்திரனை முழுதாக இழந்த டைட்டேனியம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இலத்திரன்கள் அங்கே பங்கில்தான் இருக்கின்றன. அணுவின் உண்மையான ஏற்றம் நான்கைவிடக் குறைவு. கணக்கு வசதிக்காகப் போட்ட இலக்கம், ஆனால் வெறும் இலக்கமாக நின்றுவிடாமல் நிறம், நச்சுத்தன்மை, கரையும் தன்மை எல்லாவற்றோடும் கூடவே நகர்கிறது. இந்த விசித்திரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

## சில உலோகங்களுக்கு ஏன் பல எண்

சோடியத்திடமிருந்து முதல் இலத்திரனை எடுப்பது இலகு. இரண்டாவதை எடுக்க ஏறத்தாழ ஒன்பது மடங்கு சக்தி வேண்டும். ஆகவே சேர்வைகளில் சோடியம் என்றால் +1, பேச்சுக்கே இடமில்லை. கல்சியம் +2, அலுமினியம் +3, நாகம் (துத்தநாகம்) +2 என்பவையும் இப்படியே.

டைட்டேனியம், இரும்பு போன்ற தாண்டல் மூலகங்களின் கதை வேறு. அவற்றின் வெளி இலத்திரன்களும் அதற்கு அடுத்த உள் ஓட்டின் இலத்திரன்களும் சக்தியில் கிட்டக்கிட்ட இருக்கின்றன. சூழலைப் பொறுத்து இரண்டையும் கொடுக்கலாம், மூன்றையும் கொடுக்கலாம், இருப்பது எல்லாவற்றையும் கொடுக்கலாம். டைட்டேனியத்திடம் கொடுக்க நான்கு உண்டு, உச்சம் +4. குரோமியத்திடம் ஆறு, உச்சம் +6. மங்கனீசிடம் ஏழு, உச்சம் +7. இரும்பிடம் எட்டு இருந்தும் சாதாரணமாக இரண்டு அல்லது மூன்றோடு கையை மூடிக்கொள்கிறது.

நான்கையும் கொடுத்துவிட்ட டைட்டேனியத்திடம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சக்கூடிய தளர்ந்த இலத்திரன் மிச்சமில்லை. டைட்டேனியம்(4) ஒட்சைட்டு வெள்ளையாக இருப்பதற்கு இதுவே காரணம். ஒன்று மிச்சமிருக்கும் டைட்டேனியம்(3) கரைசல் ஊதா நிறம்.

## பெயர் வைக்கும் முறை

பழைய இரசாயனத்தில் ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர் இருந்தது. 1787 இல் பிரான்சில் கிற்றோன் டி மோர்வோ, இலவோசியே, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா நால்வரும் சேர்ந்து, பொருளில் என்ன இருக்கிறதோ அதுவே பெயராகவேண்டும் என்று ஒரு முறையை வகுத்தார்கள். ஒட்சைட்டு, சல்பேற்று போன்ற முடிவுகள் அந்த வழியில் வந்தவை.

ஒரே உலோகம் இரண்டு எண்களில் வரும்போது என்ன செய்வது? குறைந்த எண்ணுக்கு ஒரு விகுதி, கூடிய எண்ணுக்கு ஒரு விகுதி என்று வைத்தார்கள். பெரசு, பெரிக்கு, குப்பிரசு, குப்பிரிக்கு. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பெரசு என்றால் இரும்பு 2. குப்பிரசு என்றால் செம்பு 1. குப்பிரிக்கு 2, பெரிக்கு 3. விகுதி சொல்வது எது சிறியது, எது பெரியது என்பதை மட்டுமே, எண்ணைச் சொல்வதில்லை. மங்கனீசு மாதிரி ஐந்தாறு எண்களில் வருவதற்கு இந்த இரண்டு விகுதிகளால் ஈடுகொடுக்கவும் முடியாது.

1919 இல் அல்பிரெட் ஸ்ரொக் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர், எண்ணையே பெயருக்குள் போட்டுவிடலாம் என்றார். இன்று உலகம் முழுக்கப் பாடநூல்கள் பின்பற்றுவது இதைத்தான். செய்முறை எளிது:

1. உலோகத்தின் பெயரை முதலில் எழுதவும்.
2. அது பல எண்களில் வரக்கூடியது என்றால், இடைவெளி விடாமல் அடைப்புக்குறிக்குள் எண்ணை எழுதவும்.
3. பிறகு மறைப்பகுதியின் பெயர்: குளோரைட்டு, ஒட்சைட்டு, சல்பேற்று, நைத்திரேற்று.
4. சோடியம், கல்சியம், நாகம் போன்ற ஒற்றை எண்காரர்களுக்கு அடைப்புக்குறி வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு: அணுக்களை எண்ணுவது. டைட்டேனியம் ஈரொட்சைட்டு, அதாவது பெயின்ட் வாளியில் டைட்டேனியம் டயொக்சைட் என்று இருப்பது, இந்த வழியில் வந்த பெயர். டைட்டேனியம்(4) ஒட்சைட்டு என்பது எண் வழியில் வந்த பெயர். இரண்டும் ஒரே பொருள். ரூட்டைல் என்பது அதே பொருள் மண்ணில் கிடைக்கும் வடிவம்.

ஆகவே தொடக்கத்தில் சொன்ன குழப்பம் இங்கே தீர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது உலோக டைட்டேனியத்தை அல்ல. ஈ 171 என்ற இலக்கத்தில் மிட்டாய்க்கும் சூயிங் கம்முக்கும் வெள்ளை நிறம் கொடுக்கச் சேர்த்த டைட்டேனியம் ஈரொட்சைட்டை, அதுவும் உணவில் மட்டும். 2021 இல் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அமைப்பு, மரபணுவுக்குச் சேதம் வருத்தக்கூடும் என்ற ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது என்றது. 2022 ஓகஸ்டிலிருந்து தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எலும்புத் தகட்டில் இருப்பது பூச்சிய எண்ணில் உள்ள உலோகம்.

## ட்டு, ற்று: ஓர் எழுத்தில் ஒரு பொருள்

தமிழில் படிப்பவர்களுக்கென்றே ஒரு தனிப் பொறி இருக்கிறது. இலங்கைப் பாடநூல் தமிழில் சல்பைட்டு வேறு, சல்பைற்று வேறு, சல்பேற்று வேறு. ஆங்கிலத்தின் மெல்லிய ஒலிக்கு (d) ‘ட’, வல்லொலிக்கு (t) ‘ற்ற’ என்பது நம்முடைய வழக்கம். சல்பைட்டில் கந்தகம் −2, ஒட்சிசனே கிடையாது. சல்பைற்றில் கந்தகம் +4, மூன்று ஒட்சிசன். சல்பேற்றில் +6, நான்கு ஒட்சிசன்.

கடலுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இவை சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு என்று வரும். ஆக, சல்பைட்டு என்று எழுதினால் இங்கே ஒரு பொருள், அங்கே வேறொரு பொருள். இணையத்தில் இரண்டு நாட்டுக் குறிப்புகளையும் கலந்து படிக்கிற பிள்ளைகள் அநியாயமாகப் புள்ளி இழப்பது இந்த இடத்தில்தான். கந்தகத்தின் எண்ணைக் கேட்டுக்கொண்டால் போதும். எழுத்து எதுவாக இருந்தாலும் பொருள் தப்பாது.

## பூரமும் வீரமும்

எண்ணை விட்டுவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்குப் பாதரசம் நல்ல பதில். நம் சித்த மருத்துவத்தில் பூரம் என்று ஒன்று, வீரம் என்று ஒன்று. இரண்டுமே பாதரசமும் குளோரீனும் மட்டும் சேர்ந்தவை. வெறுமனே பாதரசக் குளோரைட்டு என்று எழுதினால் எது என்று யாருக்கும் தெரியாது.

பூரம், பாதரசம்(1) குளோரைட்டு. தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு வைத்தியர்கள் இதைப் பேதி மருந்தாகத் தாராளமாகக் கொடுத்தார்கள். வீரம், பாதரசம்(2) குளோரைட்டு. தண்ணீரில் நன்றாகக் கரையும், கொடிய நஞ்சு. பூரம் சாதுவானது என்று இதற்கு அர்த்தமில்லை: பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடிகளில் அதைச் சேர்த்ததால் மேல்நாடுகளில் ஏராளமான குழந்தைகள் நோயுற்று, 1950களில் அந்தப் பொடிகள் கைவிடப்பட்டன. ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிது. அந்தத் தூரத்தைக் காட்டுவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒன்றும் இரண்டும். நம் முன்னோர் அணு, இலத்திரன் எதுவும் தெரியாமலே இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்திருந்ததை இங்கே கவனிக்கலாம். திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக நடக்கிறது. பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட வேண்டிய இடம் அதுதான்.

(பாதரசம்(1) சேர்வைகளில் பாதரசம் இரட்டை இரட்டையாக ஒட்டியிருக்கும். பூரத்தில் இரண்டு பாதரசம், இரண்டு குளோரீன். சுருக்கி ஒன்று ஒன்று என்று எழுதினால் பரீட்சையில் பிழை.)

இன்னும் இரண்டு பழைய பெயர்கள். மயில்துத்தம், செம்பு(2) சல்பேற்று. அன்னபேதி, இரும்பு(2) சல்பேற்று. நீல மயில்துத்தத்தைச் சட்டியில் சூடாக்கினால் வெளுக்கும். பச்சை அன்னபேதியைத் திறந்து வைத்தால் பழுப்பு மஞ்சளாகும். இரண்டிலும் நிறம் மாறுகிறது, ஆனால் நடப்பது ஒன்றல்ல. மயில்துத்தம் தண்ணீரைத்தான் இழந்தது. செம்பு இரண்டிலேயே நிற்கிறது. அன்னபேதியில் இரும்பு காற்றோடு சேர்ந்து இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறிவிட்டது. நிறம் மாறியதெல்லாம் ஒட்சியேற்றம் என்று எழுதக்கூடாது.

## இரும்பு: இரண்டும் மூன்றும்

இந்த ஏற்றத்தை வீட்டிலேயே பார்க்கலாம். இரும்புச்சத்துள்ள குழாய்க்கிணற்றில் அடித்த தண்ணீர் வாளியில் விழும்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். ஆழத்தில் காற்றில்லாத இடத்தில் இருந்த இரும்பு அது, எண் 2, கரைந்த நிலை. வாளியை அப்படியே வைத்துவிட்டுப் பிறகு வந்து பார்த்தால் தண்ணீர் கலங்கி, மேலே எண்ணெய் போல ஓர் ஆடை, அடியில் செம்மண் நிற வண்டல். காற்று பட்டு இரும்பு மூன்றாகிக் கரையாத ஐதரொட்சைட்டாகப் படிந்துவிட்டது. வெள்ளைச் சாரத்தைக் கறையாக்குவது இந்த மூன்றுதான். தண்ணீரைக் காற்றுப்படச் சிந்தவிட்டு, ஊறவைத்து, மணலில் வடித்தால் இரும்பு குறைவதற்கும் இதுவே காரணம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையின் உறையில் பெரஸ் என்று இருப்பதைப் பாருங்கள். குடல் இலகுவாக உள்ளே எடுப்பது இரண்டாம் எண் இரும்பை. கூடவே விற்றமின் சி கொடுப்பது மூன்றை இரண்டாக்கவும் இரண்டை இரண்டாகவே வைத்திருக்கவும். தேத்தண்ணியோடு போடவேண்டாம் என்பது தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால். உள்ளே போன பிறகும் கதை தொடர்கிறது: குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு(2). அது மூன்றாகிவிட்டால் சுமக்காது.

சீனன்குடாவில் இரண்டாம் உலக யுத்த காலத்து எண்ணெய்த் தாங்கிகளில் கைவிடப்பட்டவற்றின் தகட்டைச் சுரண்டினால் வெளியே செந்துரு, அதாவது தண்ணீர் சேர்ந்த இரும்பு(3) ஒட்சைட்டு. அதற்குக் கீழே உலோகத்தை ஒட்டிக் கறுப்பாக ஒரு படை வரும். அதில் மூன்று இரும்புக்கு நான்கு ஒட்சிசன். கணக்குப் போட்டால் ஒட்சிசன் −8. ஓர் இரும்புக்கு மூன்றில் எட்டு (8/3). பின்னத்தில் எண் வந்தால் பிழைவிட்டுவிட்டோம் என்று பயப்படவேண்டாம். ஓர் இரும்பு 2, இரண்டு இரும்பு 3. சராசரிதான் பின்னமாக வருகிறது. பெயர் இரும்பு(2,3) ஒட்சைட்டு. துரு பிடிக்காமலிருக்கக் கப்பல் தகடுகளுக்கு முன்பு பூசிய செவ்வீயமும் இதே ரகம்: மூன்று ஈயத்தில் இரண்டு +2, ஒன்று +4.

துறைமுகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் பூசும் சிவப்புப் பூச்சில் பெரும்பாலும் இருப்பது செம்பு(1) ஒட்சைட்டு. செம்பு(2) ஒட்சைட்டு கறுப்பு.

## மணலிலிருந்து வெள்ளைப் பூச்சு வரை

இல்மனைட்டை அப்படியே விற்காமல் இங்கேயே வெள்ளை நிறப்பொடியாக்கினால் என்ன என்ற பேச்சு அடிக்கடி எழும். அதைப் புரிந்துகொள்ள இப்போது கையில் எல்லாக் கருவியும் இருக்கிறது.

சுத்தமான இல்மனைட்டில் டைட்டேனியம் ஈரொட்சைட்டின் பங்கு நிறையில் 52.6 வீதம். மீதி இரும்பும் அதற்குரிய ஒட்சிசனும். இரும்பைப் பிரிப்பதுதான் முழு வேலையும். சல்பூரிக்கமில முறையில் நடப்பது இது:

1. இல்மனைட்டைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த மணல் என்பதால் இரும்பில் ஒரு பகுதி மூன்றாகியிருக்கும்.
2. அந்த மூன்று உள்ளே இருந்தால் கடைசியில் வெள்ளைப் பொடியில் படிந்து மஞ்சள் காட்டிவிடும். ஆகவே பழைய இரும்புத் துண்டுகளைப் போடுகிறார்கள். மூன்றாம் எண் இரும்பு இரண்டும், பூச்சிய இரும்பு ஒன்றும் சேர்ந்து இரண்டாம் எண் இரும்பு மூன்றாகின்றன. இரண்டு மூன்று ஆறு, மூன்று இரண்டு ஆறு, கணக்குச் சரி.
3. மூன்று முழுக்கத் தீர்ந்ததா என்று எப்படித் தெரியும்? இரும்பு முடிந்த பிறகு தாழ்த்தல் டைட்டேனியத்தில் தொடங்கும். ஊதா நிற டைட்டேனியம்(3) கொஞ்சம் உண்டாகும். அதைக் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். காற்று புகுந்தால் முதலில் அடிவாங்குவது அதுதான், இரும்பு தப்பிக்கும்.
4. குளிரவைத்து இரும்பு(2) சல்பேற்றைப் பளிங்காக எடுக்கிறார்கள். நம்முடைய பச்சை அன்னபேதி.
5. மிச்சக் கரைசலைக் கொதிக்கவைத்து, படிவைக் கழுவிச் சூளையில் சுட்டால் வெள்ளைப் பொடி.

நான்காம் படியில்தான் தொழிற்சாலைப் பேச்சு சிக்கலாகிறது. காகிதக் கணக்கில் ஒரு தொன் வெள்ளைப் பொடிக்கு ஏறத்தாழ 3.5 தொன் அன்னபேதி விழும். பயன்படுத்திய அமிலம் வேறு. ஏற்றுமதி வருமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பச்சைக் குவியலை எங்கே கொட்டுவது என்று எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், முதல் கேள்வியே அதுவாக இருக்கவேண்டும்.

## குவியலுக்கு ஒரு வழி: சீமெந்து

அந்த அன்னபேதியில் ஒரு பகுதி உலகத்தில் எங்கே போகிறது என்று பார்த்தால், சீமெந்து மூட்டைக்குள். சீமெந்துக்கான மண்ணிலும் கல்லிலும் இயல்பாகவே மிகச் சிறிதளவு குரோமியம்(3) உண்டு. அது பெரிய தொந்தரவில்லை. சூளையின் சூட்டில், காற்று கிடைக்கும் இடத்தில், அதில் கொஞ்சம் குரோமியம்(6) ஆகிவிடுகிறது. இது புற்றுநோய் வருத்தக்கூடியது என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட ஒன்று. குரோமியம்(3) அந்தப் பட்டியலில் இல்லை. தண்ணீர் விட்டுக் குழைத்ததும் ஆறு கரைந்து வெளியே வரும். வெறுங்கையால் ஈரச் சாந்தைத் தொட்டுத் தொட்டு வேலைசெய்யும் மேசன்மாரின் விரலிடுக்கில் வெடிப்பு, சொறி என்று ஆறாமல் நிற்பதற்கு ஒரு காரணம் இந்த ஒவ்வாமை. காரத்தன்மை செய்யும் புண் அதற்கு மேலே.

(குரோமியம்(6) சேர்வைகளில் குரோமேற்று மஞ்சள், இருகுரோமேற்று செம்மஞ்சள். ஆனால் இரண்டிலும் குரோமியம் 6 தான். ஒன்று மற்றதாக மாறுவது ஒட்சியேற்றமும் அல்ல, தாழ்த்தலும் அல்ல.)

2005 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், நீரில் கரையும் குரோமியம்(6) ஒரு கிலோ சீமெந்தில் 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்குத்தான் அன்னபேதி சேர்க்கிறார்கள். ஒரு குரோமியம் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்க மூன்று இலத்திரன் வேண்டும். ஓர் இரும்பு இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது ஒன்றைத் தரும். ஆகவே ஒரு குரோமியத்துக்கு மூன்று இரும்பு. நடைமுறையில் இன்னும் பல மடங்கு அதிகமாகப் போடுவார்கள், ஏனென்றால் காற்றும் ஈரமும் பாதியில் தின்றுவிடும்.

அன்னபேதி சேர்த்த சீமெந்தை அந்த நாடுகளில் விற்கும்போது, மூட்டையில் பொதிசெய்த திகதியையும் எவ்வளவு காலத்துக்கு அது வேலைசெய்யும் என்பதையும் அச்சிடவேண்டும் என்பது விதி. கடலோர ஈரக்காற்றில் கிழிந்த மூட்டையாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் இரும்பு மெதுவாக மூன்றாகிவிடும். அதற்குப் பிறகு குரோமியத்துக்குக் கொடுக்க அதனிடம் இலத்திரன் இல்லை.